மூலநிரலோடு விற்கப்படும் ஒரு ரவுட்டர்: ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. வன் பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் ரவுட்டர் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் வழக்கமாகக் கேட்பவை வேகம், அன்ரனாக்களின் எண்ணிக்கை, உத்தரவாதக் காலம் என்பனவே. அக்கருவிக்குள் ஓடும் லினக்ஸ் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், மூலநிரலை (நிரலாளர் வாசித்து மாற்றக்கூடிய வடிவத்தை) தருவீர்களா என்று கேட்டால், கஸ்தூரியார் வீதியிலும் சரி, ஸ்ரான்லி வீதியிலும் சரி, கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் அம்மூலநிரல், கெர்னலின் உரிமம் கருவியை வாங்குபவருக்கு அளித்திருக்கும் உரித்து; விற்பவரின் பெருந்தன்மையைப் பொறுத்த விடயமன்று. திருநெல்வேலியிலுள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தின் வலையமைப்புக்காக வரவழைத்துப் பொருத்திய ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. வன் என்னும் ரவுட்டரை இங்கே மதிப்பிடுகையில் அந்த உரித்தையே முதன்மையான அளவுகோலாகக் கொள்கிறேன். வேகப் பரிசோதனைகளை வேறு பலர் செய்திருக்கிறார்கள். உரிம ஒழுக்கத்தைச் சோதிப்பவர்கள் மிகக் குறைவு.

கருவியின் அடிப்படை விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ரவுட்டர்களில் ஓடும் லினக்ஸ் சார்ந்த திறந்த மென்பொருளை உருவாக்கும் ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. திட்டமும், அமெரிக்காவிலுள்ள சொஃப்ட்வெயர் ஃப்ரீடம் கொன்சேவன்சி என்ற இலாப நோக்கற்ற அமைப்பும் இணைந்து 2024 நவம்பரில் இதை வெளியிட்டன. உற்பத்தி செய்வது பனானா பை. மீடியாரெக் ஃபிலோஜிக் 820 என்ற இரட்டைக் கருச் சில்லு, 1 ஜிகாபைற் நினைவகம், 256 மெகாபைற் நான்ட் சேமிப்பு, அதற்குப் புறம்பாகத் தனியே 16 மெகாபைற் நோர் சேமிப்பு, வைஃபை 6, வெளி இணைப்புக்கு 2.5 ஜிகாபிற் துளை ஒன்று, உள் இணைப்புக்கு 1 ஜிகாபிற் துளை ஒன்று, எம்.2 துளை ஒன்று, யூ.எஸ்.பி. 2.0 துளை ஒன்று ஆகியன இதில் உள்ளன. வெளியிடப்பட்டபோது உறையுடன் 89 டொலர் என விலை குறிக்கப்பட்டது. அதில் 10 டொலர் திட்டத்தின் நிதிக்குச் செல்கிறது. கப்பற்கூலியும் தீர்வையும் சேர்ந்தபின் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் வைஃபை 6 ரவுட்டர்களைவிட இது கணிசமாக விலை கூடியதாகிவிடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வானலைக் கருவிகளை இறக்குமதி செய்வது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளுக்கு உட்பட்டது என்பதால், பொருளை வரவழைக்கு முன்னரே அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்தக் கருவியின் பிறப்பே ஓர் உரிம மீறலிலிருந்து தொடங்குகிறது. லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.ரி. 54ஜி என்ற ரவுட்டர் சந்தைக்கு வந்து பரவலாக விற்பனையாகிக்கொண்டிருந்தபோது, அதற்குள் லினக்ஸ் கெர்னல் இருப்பதையும் அதன் மூலநிரல் வாங்கியவர்களுக்குத் தரப்படவில்லை என்பதையும் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2003இல் லிங்சிஸைச் சிஸ்கோ வாங்கியிருந்தது. எழுந்த நெருக்குதலால் அந்த ஆண்டிலேயே மூலநிரல் வெளியிடப்பட்டது. அந்த நிரலை அடித்தளமாகக் கொண்டு 2004இல் தொடங்கப்பட்டதுதான் ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. திட்டம், திட்டத்தின் பெயரிலுள்ள மூன்று எழுத்துகளும் அந்தப் பழைய ரவுட்டரின் பெயரிலிருந்து வந்தவை. இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே திட்டம் தன் சொந்த வன்பொருளை வெளியிடும்போது, மற்றவர்களிடம் கேட்டதைத் தான் செய்திருக்கிறதா என்று பார்ப்பது நியாயமான சோதனையே.

சோதனைக்குரிய அளவுகோல் குனூ பொதுமக்கள் உரிமத்தின் 2ஆம் பதிப்பு, அதாவது ஜி.பி.எல். 2. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் கெர்னலை வெளியிட்டபோது பணம் வாங்கிப் பகிர்வதைத் தடுக்கும் வேறோர் உரிமத்தையே வைத்திருந்தார். 1992இல் அதைக் கைவிட்டு ஜி.பி.எல்.இற்கு மாறினார். 2007இல் 3ஆம் பதிப்பு வந்த பின்னரும் கெர்னல் 2ஆம் பதிப்பிலேயே நிற்கிறது. இவ்வுரிமம் ஒருவர் கெர்னலைத் தன் வீட்டில் ஓட்டுவதையோ, தனக்காக மாற்றுவதையோ எவ்விதத்திலும் கட்டுப்படுத்துவதில்லை. இரும வடிவில், அதாவது கருவி நேரடியாக இயக்கும் வடிவில், அதை இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் கடமை பிறக்கிறது. கொடுப்பவர் அதனுடன் ஒத்த முழு மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அல்லது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்துமூல வாக்குறுதியொன்றை இணைத்து, கேட்கும் எவருக்கும் பிரதியெடுத்து அனுப்பும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு மூலநிரலை வழங்க வேண்டும். தனக்குக் கிடைத்த வாக்குறுதியை அப்படியே மற்றவருக்குக் கடத்திவிடும் மூன்றாவது வழி வணிக நோக்கமற்ற பகிர்வுக்கு மட்டுமே உரியது. காசு வாங்கி விற்பவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது என்பது நம்மூரில் அதிகம் அறியப்படாத செய்தி.

முழு மூலநிரல் என்பதற்கு உரிமம் தரும் வரைவிலக்கணமே இங்கு நெருக்கடியானது. நிரலிலுள்ள எல்லா மாடியூல்களின் (நிரற்கூறுகளின்) மூலநிரலும், இடைமுக வரையறைக் கோப்புகளும், தொகுப்பதையும் (மூலநிரலை இரும வடிவாக்குவதையும்) நிறுவுவதையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்ற்களும் அதில் அடங்கும். பல உற்பத்தியாளர்கள் கெர்னல் தளத்திலிருந்து எவரும் இறக்கக்கூடிய ஒரு பொதியைத் தம் இணையத்தளத்தில் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அப்பொதியைத் தொகுத்தால் எந்தக் கருவியிலும் ஓடாத ஒரு கெர்னல் கிடைக்கும், அல்லது எதுவுமே கிடைக்காது.

இதே கல்வி நிலையத்தில் முன்பு பாவனையில் இருந்த, இணையச் சேவை வழங்குநர் ஒருவர் பொருத்திய ரவுட்டர் இதற்குத் தக்க உதாரணம். அதன் பெட்டியில் உரிமத்தின் பிரதியுமில்லை, வாக்குறுதியுமில்லை. கேட்டு எழுதியபோது சேவை வழங்குநர் உற்பத்தியாளரைக் காட்டினார். உற்பத்தியாளர், நாட்டிலுள்ள முகவரைக் காட்டினார். முகவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. உள்ளே நுழைந்து பார்க்க முடிந்தபோது, கெர்னல் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் 'ரெயின்ரட்' என்ற கோப்பில் ஒற்றை எண், அதாவது இரண்டால் வகுபடாத எண், இருந்தது. மூடிய உரிமம் கொண்ட மாடியூல் ஒன்று ஏற்றப்பட்டவுடன் கெர்னல் அந்த எண்ணின் முதல் பிற்றை (ஒன்றின் இடத்தை) உயர்த்திவிடும்; கருவி மீளத் தொடங்கும் வரை அது இறங்காது. ஆகவே ஒற்றை எண் இருந்தால் உள்ளே மூடிய மாடியூல் உண்டு என்று அறியலாம். நாம் ஒருபோதும் தொகுத்துக்கொள்ள முடியாத நிரலொன்று கெர்னலோடு சேர்த்து நமக்கு விற்கப்பட்டிருக்கிறது என்பதற்குக் கெர்னலே எழுதித் தந்த சான்று அது.

ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. வன்னில் நிலைமை முற்றாக வேறு. 24.10 வெளியீட்டிலிருந்து திட்டம் இக்கருவிக்கான ஃபேர்ம்வெயரை (கருவியில் பதித்து ஓட்டும் மென்பொருளை) முறையாக வழங்குகிறது. அந்த வெளியீட்டின் அடித்தளம் லினக்ஸ் 6.6. இரும வடிவம் இறக்கப்படும் அதே அடைவில், எந்தக் கட்டமைப்புடன் அது தொகுக்கப்பட்டது, எந்தப் பொதிகளின் எந்த நிலையிலிருந்து எடுக்கப்பட்டது என்பவற்றைப் பதிந்த சிறு கோப்புகளும், சரிபார்ப்புத் தொகைகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. அக்கட்டமைப்புக் கோப்பை மூலநிரல் மரத்தினுள் (மூலநிரல் அடைவுகளின் தொகுதியினுள்) போட்டுத் தொகுப்பை ஆரம்பித்தால், தொகுப்பியைக் கட்டுவதிலிருந்து கெர்னலின் மேல் ஒட்டப்படும் திருத்தங்கள் வரை எல்லாவற்றையும் அது தானாகவே செய்து, இறுதியில் கருவியில் ஏற்றக்கூடிய கோப்பைத் தருகிறது. திருத்தங்கள் மூலக் கெர்னலில் ஏற்கெனவே சேர்ந்தவை, இன்னும் சேராதவை, இத்திட்டத்துக்கே உரியவை எனத் தனித்தனி அடைவுகளில் கிடக்கின்றன. யார் எதை மாற்றினார் என்று தேட வேண்டியதில்லை. அவ்வாறு நாமே தொகுத்த கெர்னலை ஏற்றினோம். கையொப்பம் கேட்டு எந்தப் பூட்டும் மறிக்கவில்லை. வேறு கருவிகள் சிலவற்றில், மூலநிரல் கிடைத்தாலும் தொடக்கநிரல் (மின் வந்ததும் கெர்னலை ஏற்றும் நிரல்) உற்பத்தியாளரின் கையொப்பமில்லாத கெர்னலை ஓடவிடாது, ஜி.பி.எல். 3 இதை வெளிப்படையாகத் தடுக்க முனைந்ததும், ஜி.பி.எல். 2இல் நிறுவும் ஸ்கிரிப்ற்களைப் பற்றிய சொற்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் சட்டவல்லுநர்கள் பிரிந்து நிற்பதும் இவ்விடத்தில்தான்.

குறை இல்லாமலில்லை. வைஃபைச் சில்லுக்குள் ஓடும் ஃபேர்ம்வெயர் மூடியது. மீடியாரெக் தரும் இரும வடிவிலேயே அது பகிரப்படுகிறது. கெர்னலின் பக்கத்திலிருந்து சில்லை இயக்கும் நிரலான வைஃபை இயக்கி திறந்த நிரல் என்பதால் கெர்னலின் உரிமம் மீறப்படவில்லை. சில்லினுள் ஓடுவது கெர்னலிலிருந்து பிரிந்த தனி நிரல் என்பதே பொதுவான நிலைப்பாடு. 2017இல் வெளியான 4.14ஆம் பதிப்பிலிருந்து கெர்னல் மரத்திலேயே இத்தகைய இருமக் கோப்புகளை வைக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டு, அவை தனிக் களஞ்சியத்துக்குப் போய்விட்டன. இருப்பினும், மென்பொருட் சுதந்திரத்தை முன்னிறுத்தி விற்கப்படும் கருவியில் வானலையை ஆளும் பகுதி மட்டும் மூடிக் கிடப்பது வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய விடயம்.

இனி, இம்மதிப்பீட்டை எழுதத் தூண்டிய பகுதிக்கு வருகிறேன். இக்கருவியை வாங்கிப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வீட்டில் வைத்துக்கொள்பவருக்கு எந்தக் கடமையும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இதை வாங்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் வலையமைப்பு வேலை செய்து கொடுப்பவர்கள். கண்ணாடியிழை இணைப்பு அறுந்தால் உடனே மாறிக்கொள்ள யூ.எஸ்.பி. துளையில் ஒரு நான்காம் தலைமுறை டொங்கிளைச் செருக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார். அதற்கான இயக்கிகளைச் சேர்த்துக் கெர்னலை மீளத் தொகுத்து, ஏற்றிக் கொடுத்து, சேவைக் கட்டணத்தையும் வாங்கிக்கொள்வோம். அந்தக் கணத்திலிருந்து பகிர்பவர் நாம்தான். திட்டத்தின் இணையத்தளத்தில் எல்லாம் இருக்கிறதே என்று வாடிக்கையாளரை அங்கே அனுப்பிவிட முடியாது. ஏனெனில் அங்கிருப்பது அவர்களுடைய கெர்னலுக்கு ஒத்த மூலநிரல், நாம் கொடுத்தது நாம் மாற்றிய கெர்னல். மேலும், இணையத்தில் இருமக் கோப்பை வைப்பவருக்குத்தான் அதே இடத்தில் மூலநிரலை வைத்தாற் போதும் என்ற சலுகை எழுதப்பட்டிருக்கிறது. கையில் கருவியாகக் கொடுப்பவருக்கு அச்சலுகை எழுதப்படவில்லை.

இரண்டு வழிகளில் எதைத் தெரிவது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. வாக்குறுதி எழுதிக் கொடுத்தால், அதை மூன்று ஆண்டுகளுக்குக் காக்க வேண்டும். அதற்குள் கடை பூட்டப்படலாம், வன்தட்டு பழுதாகலாம், கடைக்காரரே கனடாவுக்குப் போய்விடலாம். மூலநிரல் மரத்தையும், தொகுக்கும்போது இறக்கப்பட்ட மூலப் பொதிகள் கிடக்கும் அடைவையும், நம் கட்டமைப்புக் கோப்பையும், உரிமத்தின் பிரதியையும் ஒரு பென் டிரைவில் இட்டுக் கருவியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் கடமை அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. செலவு ஒரு மலிந்த பென் டிரைவின் விலை. பற்றுச்சீட்டில் அதற்கும் ஒரு வரி எழுதி, வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்வது பின்னொரு நாளில் உதவும். நாம் மாற்றிய கோப்புகளில் மாற்றிய திகதியையும் குறிக்க வேண்டும் என்று உரிமம் சொல்வதை மறந்துவிடக் கூடாது.

வாக்குறுதி வழியையே விரும்புபவர்கள் பின்வருமாறு எழுதலாம்: 'இக்கருவியில் ஏற்றப்பட்டுள்ள லினக்ஸ் கெர்னல் உள்ளிட்ட ஜி.பி.எல். 2 மென்பொருள்களின் முழு மூலநிரலையும், தொகுக்கவும் நிறுவவும் வேண்டிய ஸ்கிரிப்ற்களுடன், இக்கருவி கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு, கேட்கும் எவருக்கும், பிரதியெடுத்து அனுப்பும் செலவை மாத்திரம் பெற்றுக்கொண்டு வழங்குவோம்.' இதன்கீழ் கடையின் முகவரியும் ஃபேர்ம்வெயரின் பதிப்பும் இருக்க வேண்டும். கேட்கும் எவருக்கும் என்ற சொற்களை எங்கள் வாடிக்கையாளருக்கு என்று சுருக்கிவிடக் கூடாது. அக்கருவியைப் பின்னர் கைமாறி வாங்கியவரும், வாங்காமலே கேட்பவரும்கூட அதில் அடங்குவர். சில மாதங்களுக்குப் பின் தொலைவிலிருந்தே புதிய ஃபேர்ம்வெயரை ஏற்றிக் கொடுத்தால், அது புதிதாக ஒரு பகிர்வு; அந்தப் பதிப்புக்குரிய மூலநிரலும் போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. நம்மூர் வலையமைப்புக்காரர்கள் சிலர், ஃபேர்ம்வெயரில் கைவைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கடவுச்சொல்லையும் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் மாற்றினால் பழுதுபார்க்கும் பொறுப்பு எமக்கில்லை என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் பெறுபவரின் உரித்துகளின் மேல் மேலதிகக் கட்டுப்பாடு விதிக்கலாகாது என்று ஜி.பி.எல். சொல்வதால், அதன்கீழ் வந்த நிரலை மாற்றவே கூடாது என்று ஒப்பந்தம் எழுத எவருக்கும் அதிகாரமில்லை.

மீறினால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு: ஜி.பி.எல். 2இன்படி, மீறியவரின் உரிமம் தானாகவே முடிவுக்கு வருகிறது. அதன்பின் அவர் விற்கும் ஒவ்வொரு பிரதியும் பதிப்புரிமை மீறல். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கப்பட்ட படைப்புகளாகவே கொள்கிறது என்பதால், இது அந்நிய நாட்டுச் சங்கதி என்று ஒதுக்க முடியாது. இக்கடுமையைத் தணிப்பதற்காக, கெர்னல் நிரலாளர்கள் பலர் 2017 ஒக்ரோபரில் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டார்கள்: முதன்முறையாக அறிவித்தல் கிடைத்தவர் 30 நாள்களுக்குள் மீறலைச் சரிசெய்தால் அவருடைய உரிமம் மீளும் என்ற ஜி.பி.எல். 3இன் ஏற்பாட்டைத் தத்தமது நிரற்பகுதிகளுக்கும் ஏற்றுக்கொண்டார்கள். வாங்குபவரின் பக்கத்திலிருந்தும் வழக்கு தொடங்கியிருக்கிறது. மேலே சொன்ன கொன்சேவன்சி அமைப்பு, தான் வாங்கிய தொலைக்காட்சிகளின் மூலநிரலைக் கேட்டு 2021இல் கலிஃபோர்னியாவில் விசியோ நிறுவனத்தின்மீது வழக்கிட்டது. பதிப்புரிமையாளராக அல்லாமல், பொருளை வாங்கியவர் என்ற தகுதியில் வழக்கிட்டது என்பதே அதன் சிறப்பு.

பாவனையில் கண்ட ஏனைய விடயங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். மின்சாரம் 12 வோல்ற் யூ.எஸ்.பி.-சி வழியாக வருகிறது. நம் கடைகளில் விற்கும் சிறிய ரவுட்டர் யூ.பி.எஸ்.களின் வட்டச் செருகி இதற்குப் பொருந்தாது. மின்வெட்டுக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால், 12 வோல்ற்றைக் கேட்டு வாங்கிக் கொடுக்கும் யூ.எஸ்.பி.-சி மின்வழங்கியோ, தகுந்த மாற்றியோ தேட வேண்டும். பெரிய வகுப்பறைகள் இரண்டுக்கு வைஃபை போதுமானதாக இருந்தது. மூன்றாவதற்குத் தனி அணுகுமுனை வைத்தோம். எம்.2 துளையில் சேமிப்பகத்தைச் செருகிப் பாடக் காணொளிகளை உள்ளேயே வைத்திருக்கிறோம். சேமிப்பகத்துக்கு இசற்.எஃப்.எஸ். கோப்புமுறைமையைப் பயன்படுத்தும் ஆசை வந்தாலும் தவிர்த்துக்கொண்டோம், அதன் சி.டி.டி.எல். உரிமம் ஜி.பி.எல்.உடன் ஒத்துப்போகாது என்பது பலருடைய நிலைப்பாடு. 2016இல் கனோனிக்கல் நிறுவனம் தன் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவில் அதைச் சேர்த்து வெளியிட்டபோது கொன்சேவன்சியே எதிர்ப்புத் தெரிவித்தது. எக்ஸ்ற்4 என்ற கோப்புமுறைமையே எமக்குப் போதும்.

மிகவும் பிடித்த அம்சம் அந்தச் சிறிய நோர் சேமிப்பு. நான்ட் பக்கத்தில் எதைக் கெடுத்தாலும், உறையிலுள்ள ஆளியை நோர் பக்கம் தள்ளி, பென் டிரைவிலிருந்து மீள ஏற்றிவிடலாம். நாமே தொகுத்த கெர்னலை அச்சமின்றி ஏற்றிப் பார்க்க இது துணிவைத் தருகிறது. மாற்றும் உரித்தைத் தாளில் மட்டும் தந்துவிட்டு, மாற்றினால் கருவி இயங்காத செங்கல்லாகிவிடும் நிலையில் விடுவோரிடமிருந்து இக்கருவி வேறுபடுவது இங்கேதான். பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊருக்கு, திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய கருவியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பாவனைக்கு மட்டும் ரவுட்டர் தேடுபவர், ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. ஆதரிக்கும் மலிவான ரவுட்டரொன்றை உள்ளூரிலேயே வாங்கி அதில் ஏற்றிக்கொள்வது சிக்கனம். திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் வன்பொருளின் பதிப்பு இலக்கம் வரை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கவும். மற்றவர்களுக்கு வலையமைப்பு அமைத்துக் கொடுத்துப் பணம் பெறுபவருக்கு இந்த விலை நியாயமானது, ஏனெனில் அவர் கொடுக்க வேண்டிய மூலநிரல் முழுவதும் அவர் கையில் முதலிலேயே இருக்கும். உள் இணைப்புத் துளை ஒன்றே ஒன்று என்பதால், கணக்கிடும்போது ஒரு சிறிய சுவிட்ச்சின் விலையையும் ஒரு பென் டிரைவின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.